நூற்றெழுபதே முக்கால் எழுத்து: கம்பம் பள்ளத்தாக்கின் கருந்திரை குறித்து ஓர் ஆய்வு

தேனி மாவட்டத்தைப் பற்றி எழுத வேண்டியதில் பெரும்பகுதியை முன்னோர் எழுதி முடித்துவிட்டார்கள். 1895-ல் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்குக்கு நூல்கள் உண்டு. லோயர் கேம்பில் மணிமண்டபம் உண்டு. கம்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கும் வழக்கமும் உண்டு. பண்ணைப்புரத்து இசைக்கும் அல்லிநகரத்து சினிமாவுக்கும் ஆள் இருக்கிறது. பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோவைப் பிடிக்கலாமா கூடாதா என்று 2015-லிருந்து பேசாத வாய் இல்லை.

ஆனால் யுனிக்ஸ் மரபில் வந்த ஓர் இயங்குதளத்தின் கருந்திரையில் எத்தனை வரி தெரிய வேண்டும் என்னும் வினாவை, மதுரையிலிருந்து மாவட்டம் பிரிந்த 1996 தொட்டு இன்றுவரை, ஒரு முனைவர் பட்ட மாணவரும் தொடவில்லை. தொட்டிருந்தால் வழிகாட்டிப் பேராசிரியர் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். தடுக்க யாரும் இல்லாத காரணத்தால் இவ்வாய்வு நிகழ்ந்தது.

கருந்திரை யாதெனின், படமும் இல்லாமல், சுட்டியின் அம்புக்குறியும் இல்லாமல், கறுப்புத் தரையில் எழுத்து மட்டும் ஓடுவது. கன்சோல் என்பார் படித்தோர். பழைய லினக்ஸ் ஓடும் கணினியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அது எழுந்தருளும். அங்கே போகிறவர் இருவகை: வேண்டிப் போகிறவர், விரல் தவறிப் போகிறவர். பள்ளத்தாக்கில் இரண்டாம் வகையினரே மிகுதி.

ஆய்வுக் களமும் மூன்று வினாக்களும்

2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளில் விண்டோஸ் இருந்தது. கூடவே, டெபியனை அடியொற்றி சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் விண்டோஸுக்குள் போய்ப் படம் பார்த்தார்கள். பாஸ், கணினி எழும்போது வரும் பட்டியலில் ஒரு வரியாகத் தன் முறைக்குக் காத்துக் கிடந்தது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிவைத்த யுனிக்ஸ் மரபு, கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை பிளஸ் டூ பிள்ளைகளின் வீட்டில் பீரோவுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது இப்படித்தான்.

கம்பம்மெட்டு ரோட்டில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்றில் இவ்வாய்வின் மூலப் பிரதி கிடைத்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், மகனையும் மகனுக்குக் கிடைத்த மடிக்கணினியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மடிக்கணினி உரப் பைக்குள் இருந்தது. மூடியில் அரசு முத்திரை. முத்திரைக்கு மேலே மருந்தடித்த கை பட்ட நீலத் தடம்.

"தம்பி, இது செத்துப்போச்சு. கறுப்பா இங்கிலீஷ் மட்டும் வருது."

கடைப் பையன் திறந்து பார்த்தான். கறுப்புத் திரை, மேலே ஒரு வரி, அதற்குக் கீழே பயனர் பெயரைக் கேட்டு ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "ஃபார்மட் அடிக்கணும்ண்ணே. ஐநூறு ஆகும். உள்ள இருக்கது எல்லாம் போயிரும்" என்றான், நாடி பிடித்த வைத்தியர் போல.

குறுக்கே புகுந்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அமுக்கினேன். திரை ஒரு முறை நடுங்கி, நடிகர் ஒருவரின் படத்தோடு டெஸ்க்டாப் திரும்பி வந்தது. தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். கடைப் பையனும் பார்த்தான். இரண்டு பார்வைக்கும் வேறுபாடு உண்டு.

பிறகு மூன்று கேள்விகள் வந்தன. தோட்டக்காரர் கேட்டார்: "அந்தக் கறுப்பு ஸ்கிரீன என்னத்துக்குய்யா வச்சிருக்கான்?" மகன் கேட்டான்: "சார், அதுல எழுத்து ஏன் இப்பிடி தொந்தி போட்ட மாதிரி இருக்கு? சின்னதாக்க முடியாதா?" கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே இன்னொன்றும் கேட்டான்: "தமிழ் வருமா சார் அதுல?" இவ்வாய்வு முழுவதும் இம்மூன்றுக்கும் விடை. வரிசை மட்டும் மாறும்.

முக்கால் எழுத்து எங்கே போயிற்று?

தொந்தியிலிருந்து தொடங்குவோம். அவ்வகை மடிக்கணினிகளின் திரை அகலத்தில் 1366 புள்ளி, உயரத்தில் 768 புள்ளி. 768 உயரத்துக்கு 16-க்கு 9 என்ற விகிதத்தில் அகலம் கணக்கிட்டால் 1365-ம் மூன்றில் ஒன்றும் வரும். புள்ளியை மூன்றாக அரிய முடியாது என்பதால் 1366 என்று ஏற்றி வைத்தார்கள். உலகத்து மடிக்கணினிகளில் பலவற்றை ஒரு தலைமுறைக் காலம் ஆட்டிவைத்த எண் இப்படி ஒரு சில்லறைத் தகராறில் பிறந்தது.

கருந்திரையின் வழக்கமான எழுத்துக் கட்டம் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். 768-ஐ 16-ஆல் வகுத்தால் 48 வரி. மீதி இல்லை, உத்தமம். 1366-ஐ 8-ஆல் வகுத்தால் நூற்றெழுபதே முக்கால். அதாவது வரிக்கு 170 எழுத்தும், அதன் பின் முக்கால் எழுத்தும். அந்த முக்கால் எழுத்தாகிய 6 புள்ளி, திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கறுப்புப் பட்டையாக நிற்கிறது. சந்தேகப்படுவோர் பூதக் கண்ணாடியோடு பார்க்கலாம்.

இந்த முக்கால் வெறும் அழகுக் குறை என்று எண்ணுவது தவறு. திரை தன் அளவுகளைக் கணினிக்கு அறிவிக்கும் குறிப்பில், வழக்கமான அளவுகளுக்கான இடத்தில், அகலம் எட்டு எட்டாகத்தான் எழுதப்படும். எட்டால் வகுபடாத 1366-ஐ அங்கே சொல்லவே முடியாது. 1360 என்றோ 1368 என்றோ பொய்தான் சொல்ல முடியும். கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் வைத்திருக்கும் அளவுப் பட்டியலிலும் பல கணினிகளில் 1366 இராது. இருப்பது 1024க்கு 768. அதைப் போட்டால், 1024 புள்ளியை 1366 புள்ளிக்கு இழுத்துப் போர்த்தும்போது ஒவ்வொரு எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் பருக்கும். தொந்திக்குக் காரணம் இஃது.

பின்ன வாய்ப்பாட்டுக் கொள்கை

முக்கால் என்று வந்தபின் பழந்தமிழ்ப் பின்னங்களை எடுக்காமல் நகர்ந்தால் தமிழாய்வுலகம் மன்னிக்காது. எட்டில் ஒன்று அரைக்கால். எழுத்துக் கட்டத்தின் அகலத்தில் ஒரு புள்ளி. பதினாறில் ஒன்று மாகாணி. அதே கட்டத்தின் உயரத்தில் ஒரு புள்ளி. எண்பதில் ஒன்று காணி. எண்பது எழுத்து அகலமுள்ள மரபான கருந்திரையில் ஓர் எழுத்தின் இடம். முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. பழைய டாஸ் விளையாட்டுகள் ஓடிய 320க்கு 200 திரையில் அகலவாக்கில் ஒரு புள்ளி. ஆக, ஐபிஎம் 1987-ல் விஜிஏ என்று வெளியிட்டதன் கட்டுமானம் முழுவதும் நம் எண்சுவடியில் முன்பே இருக்கிறது. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் உறுதி. வாட்ஸ்அப்பில் போட்டால் மூன்று நாளில் நாசாவும் ஒப்புக்கொண்டுவிடும்.

இக்கொள்கையை முன்வைப்பவன் நானே. மறுப்பவனும் நானே ஆக வேண்டியிருக்கிறது, வேறு ஆள் இல்லை. விஜிஏ எழுத்துத் திரையில் வரிகள் 25. இருபத்தைந்தில் ஒன்றுக்கு வாய்ப்பாட்டில் பெயர் கிடையாது. இருபதில் ஒன்றுக்கு மா உண்டு. நம் முன்னோர் செய்திருந்தால் அது 20 வரித் திரையாகத்தான் இருந்திருக்கும். அன்றியும், விஜிஏவின் எழுத்துக் கட்டம் உண்மையில் 9 புள்ளி அகலம். எண்பது ஒன்பது 720, இருபத்தைந்து பதினாறு 400. ஒன்பதில் ஒன்றைச் சொல்ல அரைக்கால் உதவாது. கொள்கை விழுந்தது.

எண்பதின் மெய்யான வரலாறு துளை அட்டையில் இருக்கிறது. 1928-ல் ஐபிஎம் எண்பது நெடுவரிசை கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. அதே 1928-ல்தான் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. குறுகிய பாதை. உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பிறகு மீட்டர் கேஜாகத் திரும்பி வந்தது. 2010 முடிவில் அதையும் நிறுத்தினார்கள். 2023 ஜூனில் அகலப் பாதையாக மறுபடி போடிக்கு வந்து சேர்ந்தது. நம் ரயில் மூன்று அகலம் பார்த்துவிட்டது. எண்பது மட்டும் அட்டையிலிருந்து இறங்கி, 1978-ன் விடி100 முனையத்தில் 24 வரியோடு ஏறி, 1981-ன் ஐபிஎம் பிசியில் 25 வரியாகி, ஒரு நெடுவரிசை கூடாமல் குறையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எண்பது பெருக்கல் இருபத்தைந்து, ஓரிடத்துக்கு, எழுத்துக்கு ஒன்றும் நிறத்துக்கு ஒன்றுமாக, இரண்டு பைட்: மொத்தம் 4000 பைட். திரை முழுவதற்கும் அவ்வளவுதான் நினைவகம். தமிழ் யூனிகோடில் அதில் இக்கட்டுரையின் முதல் சில பத்திகளே அடங்கும்.

791, 279: இரு சம்பிரதாயங்கள்

இருபத்தைந்து வரி போதாது என்று எண்ணியவர்கள் ஆதியிலேயே இருந்தார்கள். எளிய வழி, எழுத்தை அரிவது. 16 புள்ளி உயர எழுத்துக்குப் பதில் 8 புள்ளி எழுத்தைப் போட்டால் அதே 400 புள்ளியில் 50 வரி. படிக்க முடிந்தால் படித்துக்கொள்ளலாம்.

அடுத்த வழி, திரையின் புள்ளிகளையே கூட்டுவது. வீசா என்னும் அமைப்பு, திரை அளவு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்தது. 1024க்கு 768, அறுபத்தையாயிரம் நிறம் என்னும் அளவுக்குப் பதினாறடிமானத்தில் 117, நம் கணக்கில் 279. யுனிக்ஸ் வழியில் வந்த இன்னொரு கிளையாகிய ஃப்ரீபிஎஸ்டி மரபினர், கெர்னல் எனப்படும் கருநிரலில் வீசா என்றொரு வரியும் புள்ளித் திரைக்கு ஒரு வரியும் சேர்த்துப் புதிதாகக் கட்டி, விட்கன்ட்ரோல் என்னும் கட்டளையிடம் "மோட்_279" என்று சொல்வார்கள். லினக்ஸ் மரபினரோ கணினி எழும்போதே "விஜிஏ=791" என்பார்கள். ஒரே திரை, ஒரே அளவு, இரண்டு எண். புதிராகத் தோன்றும். 791-லிருந்து 279-ஐக் கழித்துப் பாருங்கள்: 512. லினக்ஸ் வீசாவின் எண்களுக்கெல்லாம் 512 கூட்டி வைத்துக்கொண்டது, அவ்வளவே. நாமம் 'யு'வா 'ஒய்'யா என்று காஞ்சிபுரத்தில் வழக்கு நடத்தியவர்கள் போல இவர்கள் நீதிமன்றம் ஏறவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

ஆய்வாளன் வியப்பது வேறு. 791-ஐ மனப்பாடம் செய்த பலருக்கு அது ஏன் 791 என்று தெரியாது. கேட்டால் "போட்டா வேலை செய்யும்" என்பார்கள். 2009 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 2.6.29 தொட்டு, முதலில் இன்டெல் வரைகலைக்கும் பிறகு மற்றவற்றுக்கும், திரை அளவை வைக்கும் பொறுப்பைக் கருநிரலே எடுத்துக்கொண்டது. திரையின் மெய்யளவு என்னவோ அதுவே கருந்திரைக்கும். எண் வேண்டாம், மந்திரம் வேண்டாம். ஆனால் மந்திரம் நிற்கவில்லை.

கம்பத்துக் கடையில் நடந்தது இதுவே. கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் பெரியப்பா மகன் ஒரு தீபாவளிக்கு வந்தவர், "ஸ்பீடாகும்" என்று சொல்லி, கணினி எழும் வரியில் இரண்டு சொல் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று "விஜிஏ=791". இன்னொன்று "நோமோட்செட்". பின்னது, "கருநிரலே, நீ திரையில் கை வைக்காதே" என்று பொருள்படும் ஆணை. கருநிரல் கை வைக்கவில்லை. 1024 புள்ளி 1366-க்கு இழுபட்டது. தொந்தி வந்தது. ஸ்பீடு வந்ததாகச் சான்று இல்லை.

நூற்பாவும் உரையும்

சிகிச்சைக்கு மூலநூல், இடிசி என்னும் அடைவுக்குள் டீஃபால்ட் என்னும் அடைவுக்குள் கிரப் என்னும் கோப்பு. அதில் வரும் நூற்பா:

கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட்=1366×768
கிரப்_ஜிஎஃப்எக்ஸ்பேலோட்_லினக்ஸ்=கீப்

என்பது நூற்பா. இஃது என் நுதலிற்றோ எனின், கருந்திரை எழும் அளவு உணர்த்துதல் நுதலிற்று. கிரப் என்பது கணினி எழுங்கால் கருநிரலுக்கு முன் விழிக்கும் சிறு நிரல். ஜிஎஃப்எக்ஸ்மோட் என்பது அது தன் திரைக்கு வேண்டும் அளவு. கீப் என்பது "யான் வைத்த அளவைப் பின்வருவோரும் காக்க" என்னும் வேண்டுகோள். வியங்கோள் ஆதலின் கட்டாயம் இல்லை. கருநிரல் கேட்கலாம், கேளாது போகலாம்.

அளவு தெரியாதவன் "ஆட்டோ" என்று எழுதினும் அமையும் என்ப. பயாஸில் 1366 இல்லாவிடத்து முதல் அடி பயனின்றி ஒழியும்; ஒழியினும், பின்னர்க் கருநிரல் தானே மெய்யளவுக்குத் திருத்திக்கொள்ளுமாதலின் வழுவன்று. கிரப்பின் கட்டளைக் கோட்டில் "விடியோஇன்ஃபோ" எனக் கேட்பின் பயாஸ் தன் பட்டியலைக் கக்கும். இவையெல்லாம் எழுதிவிட்டு "அப்டேட்-கிரப்" என்று ஆணையிடாதவன் செய்தது ஏட்டுச் சுரைக்காய் ஆம். ஃப்ரீபிஎஸ்டியின் இக்காலத்து ஆசிரியர் விடி என்னும் புதுத் திரையைக் கொண்டமையின், லோடர் கோப்பில் ஒரு வரி எழுதி முடிப்பர். கருநிரலைப் புதிதாகக் கட்டும் கடமை அவர்க்கு நீங்கிற்று.

கம்பத்துப் பையனுக்கு இவ்வளவு உரையும் தேவைப்படவில்லை. பெரியப்பா மகன் சேர்த்த இரண்டு சொல்லையும் அழித்தோம், அப்டேட்-கிரப் அடித்தோம், அணைத்துப் போட்டோம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1. நூற்றெழுபது எழுத்து, நாற்பத்தெட்டு வரி. தொந்தி கரைந்துவிட்டது. பையன் முகம் மலர்ந்தது. தோட்டக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இப்ப ஒண்ணுமே தெரியலையே தம்பி" என்றார்.

இந்த வாக்கியம் பிறகு வேண்டும்.

தமிழ் வருமா?

வராது. ஏன் என்பது சுவையான கணக்கு.

லினக்ஸ் கருந்திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள் வைக்கலாம். தமிழ் எழுத்து 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளும் ஸ்ரீயும் சேர்த்தால் 313. ஆங்கில எழுத்து, எண், குறி எல்லாம் 95. கூட்டினால் 408. 512-க்குள் அடங்குகிறது! மீதி 104 இடம், கோடு போடக் கட்டம் போட வைத்துக்கொள்ளலாம். இவ்விடத்தில் ஆய்வாளன் எழுந்து நின்று தன் தோளில் தானே தட்டிக்கொண்டான்.

உட்கார வைத்தது 'ணௌ'. 8 புள்ளி அகலத்தில் 'ட' நிற்கும், 'ப' நிற்கும். 'ண' மூச்சு முட்டும். 'ணௌ' எங்கே நிற்பது? எழுத்துக்கு இரண்டு கட்டம் கொடுத்தால் 313 என்பது 626 ஆகிவிடும். 512 அங்கேயே உடைந்தது. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி வடிவமாகப் பிரித்து வைத்தால் எண்ணிக்கை குறையும்தான். ஆனால் நினைவகத்தில் மெய்க்குப் பின்னால் இருக்கும் கொம்பைத் திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்த வேலையைக் கருநிரல் செய்யாது. 'கெ' என்று எழுதினால் 'க' முதலில் வந்து, கொம்பு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் டெபியனை நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் வரைகலைத் திரைக்குப் போக வேண்டியிருக்கிறது; எழுத்துத் திரையின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

நம் எழுத்து இடத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுத்த எழுத்துதான். ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். 1978-ல் அரசாணை போட்டு 'ணை', 'னை' போன்றவற்றின் துதிக்கையை வெட்டினார்கள். அந்தத் துதிக்கை இன்றும் இருந்திருந்தால் 16 புள்ளி உயரத்தைத் தாண்டி மேல் வரியில் இருப்பவர் காலைத் தட்டிவிட்டிருக்கும். இவ்வளவு விட்டுக்கொடுத்த மொழிக்கு எட்டுப் புள்ளியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆய்வு நடுநிலை கருதி அதை இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்துகிறேன்.

என்னத்துக்குய்யா வச்சிருக்கான்?

தோட்டக்காரரின் கேள்வியே மூன்றிலும் கடினமானது. விடை மின்வெட்டில் இருக்கிறது.

2012 வாக்கில் மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். கம்பத்தில் மிக்ஸி சுற்றாது. பேட்டரி செத்த மடிக்கணினி, செருகியபடியே ஓடும்போது மின்சாரம் போனால் பொத்தென்று அணையும். மறுபடி எழும்போது, வட்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றதைக் கண்டு லினக்ஸ் பதறும். சரிபார்க்கிறேன் என்று ஆரம்பிக்கும். சரிவராவிட்டால் படம் எதுவும் காட்டாமல் கருந்திரையில் நின்று, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். கணினியில் மற்றதெல்லாம் படுத்தபின் பேசுவதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே வாய் அதுதான்.

அந்த வாய் வேகமாகப் பேசும் என்பதுதான் சிக்கல். கருநிரல் நிலைகுலைந்தால் நூற்றுக்கணக்கான வரியைக் கொட்டிவிட்டு உறைந்து போகும். திரையில் மிஞ்சுவது கடைசி 25 வரி. எது குற்றவாளியோ அதன் பெயர் கீழிருந்து 26-ஆவது வரியில் இருக்கும். எப்போதும் அப்படித்தான். முன்பெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலாவது ஷிஃப்டோடு பேஜ்-அப் அமுக்கிப் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2020-ல் வந்த லினக்ஸ் 5.9-ல், பராமரிக்க ஆள் இல்லை, ஓட்டை இருக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே 48 வரி என்பது சொகுசு அன்று. அந்த 26-ஆவது வரியைப் பார்ப்பதற்கான விலை.

எதிர்வாதம்: போடி

எந்த ஆய்வுக்கும் எதிர்வாதி வேண்டும். நமக்குக் கிடைத்தவர் போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றின் கணக்கர். வண்டன்மேடு மலையிலிருந்து காய் இறங்கும் ஊர். ஸ்பைசஸ் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர். ஏலத்தில் விலையெல்லாம் கணினித் திரையில் ஓடுகிறது. கணக்கர் மேசையில் மட்டும் பழைய ஃபாக்ஸ்புரோ பில் நிரல். நீலத் திரை, வெள்ளை எழுத்து, எண்பதுக்கு இருபத்தைந்து. கணினியை மாற்றினார்கள், அடியில் லினக்ஸ் போட்டு அதற்குள் டாஸை ஓட்டினார்கள். திரை மட்டும் மாறவில்லை. நாற்பத்தெட்டு வரி ஆக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வரி கூடுனா கண்ணு கூடுமாய்யா?" என்றார். தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் உருட்டினார். "சல்லடையில நிக்கிறதுதான் காய். விழுகுறதெல்லாம் பொடி."

அவர் விளையாட்டாகச் சொன்னதை இவ்வாய்வாளன் விடவில்லை. பச்சை ஏலக்காய்க்கு அக்மார்க் வழக்கில் ஏழு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது எக்ஸ்ட்ரா போல்ட், ஆறு போல்ட், ஐந்து சுப்பீரியர். பதினான்கு அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் ஏறக்குறைய 174 மில்லிமீட்டர். 25 வரியாக வகுத்தால் வரிக்கு ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர், எக்ஸ்ட்ரா போல்ட். 48 வரியாக வகுத்தால் மூன்றே முக்காலுக்கும் குறைவு. சல்லடையில் விழுந்து தட்டுக்குப் போய்விடும். தோட்டக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னதும் இதுதான்.

ஆக, திரையின் புள்ளி கூடக்கூட வரி கூடும் என்பது இளைஞர் நூற்பா. வயது கூடக்கூட எழுத்தைப் பெருக்கி வரியைக் குறைப்பர் என்பது புறனடை. இன்றைய 1920க்கு 1080 திரையில் எட்டுக்குப் பதினாறு எழுத்தைப் போட்டால் 240 நெடுவரிசை, 67 வரி கிடைக்கும். வாங்கிய வாரம் அப்படித்தான் வைத்திருப்பார்கள். சாளேசுரம் வந்தபின் பதினாறுக்கு முப்பத்திரண்டு எழுத்துக்கு மாறுவார்கள். 120 நெடுவரிசை, 33 வரி. ஃப்ரீபிஎஸ்டியின் பங்காளியான ஓபன்பிஎஸ்டி இந்த நாடகத்துக்கெல்லாம் இடம் தராமல், திரை பெரிதாக இருந்தால் தானே பெரிய எழுத்தை எடுத்துக்கொள்கிறது. அதை எழுதியவர்கள் கண்ணாடி போட்டவர்கள் என்பது என் ஊகம்.

முடிபு

அரசு மடிக்கணினி இன்னும் பீரோ மேலே இருப்பவர்களுக்கு: கிரப் கோப்பில் விஜிஏ என்றோ நோமோட்செட் என்றோ யாராவது எழுதி வைத்திருந்தால் அழித்துவிட்டு, அப்டேட்-கிரப் அடியுங்கள். திரை தானே 1366-க்கு வரும். பிறகு கன்சோல்-செட்டப்பைத் திரும்ப அமைக்கும் கட்டளையைக் கொடுத்து, டெர்மினஸ் எழுத்துருவில் 12க்கு 24 அளவைத் தேர்ந்தெடுங்கள். 113 நெடுவரிசை, மிச்சமில்லாமல் 32 வரி, வரிக்கு ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர்: சுப்பீரியர். 26-ஆவது வரி தெரியும். அதற்கு மேலே இன்னும் ஆறும் தெரியும். வலது ஓரத்துப் பட்டை 10 புள்ளியாகக் கொஞ்சம் அகலும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். திரை திடீரென்று கறுத்து இங்கிலீஷ் ஓடினால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7. புதிய லினக்ஸ்களில் எஃப்1 அல்லது எஃப்2. ஐநூறு ரூபாய் மிச்சம்.